நாற்றுக் கிணறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு விசாலம் சித்தி சொல்லித்தான் தெரியும். சித்தி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். எங்கே கூட்டியிருக்கிறார் என்று தெரிகிற இடத்தில் நான் குறைத்துச் சொல்கிறேன். தெரியாத இடத்தில் அவர் சொன்னபடியே சொல்கிறேன். அப்படிச் சொன்னால் தப்பில்லை, இல்லையா?

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் லாரி ஆபீஸில் மூட்டை இறக்குகிறவர், இப்போது வயிற்றில் பை வைத்துவிட்டார்கள், இனிமேல் அந்த வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டீர்கள். டாக்டரிடம் கேட்டால் ‘பாக்கலாம்மா’ என்பார். நர்ஸம்மாவிடம் கேட்டால், ‘புண்ணு நல்லா ஆறட்டும், பெல்ட் போட்டுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம், எடுத்த எடுப்புல கனமா தூக்க வேணாம்’ என்பார். இரண்டும் சரிதான். என் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அம்மா வேலைக்குத் திரும்பிப் போனதில் டாக்டர், நர்ஸம்மா இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று நடந்தது. அதைச் செய்தது நான். இந்த ஆஸ்பத்திரி வரிசை நகர இன்னும் நேரம் ஆகும் போலிருக்கிறது. சொல்கிறேன்.

என் பெயர் நிவேதா. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா பெயர் அமிர்தவல்லி. அமிர்தம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு, எல்லாவற்றுக்கும் போவாள். அதில் நடவுதான் அம்மாவுடைய வேலை என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலிருந்து பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள். காசாம்பு அத்தைதான் அதற்குத் தலைவி. அவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர்களுக்குத்தான் வேலை.

நான் கணிதத்தில் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் ஆள். தெருவிலும் பெண்களில் முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிடுங்கள். இப்போது இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வேலை. பாங்க் பரீட்சைக்கும் படிக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அம்மா என்னை வயல் பக்கமே விட்டதில்லை. சின்ன வயதில் கஞ்சித் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனால்கூட ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவளே வந்து வாங்கிக்கொள்வாள். “சேத்துல கால வெச்ச, கால ஒடிச்சிப்புடுவேன்” என்பாள். அதனால் என் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும், எப்படிச் செய்கிறாள் என்று தெரியாது. இது பிறகு வரும்.

போன மாசியில் அம்மாவுக்குக் குடலில் கட்டி என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். இடது பக்கம் வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்துப் பை மாட்டினார்கள். நிரந்தரமாகவே. உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். ஊரில், ‘வயித்துல கட்டி, எடுத்தாச்சு’ என்று மட்டும் சொல்லச் சொன்னாள். பையைப் பற்றி விசாலம் சித்திக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு தங்கியது சித்திதான். எனக்கு அப்போது பரீட்சை இருந்தது.

பையை மாற்ற அம்மா என்னை விட்டதே இல்லை. ‘நீ போ, நான் பாத்துக்கறேன்’ என்பாள். பொய் சொல்லக்கூடாது, விட்டிருந்தாலும் நான் செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா கொடுத்த புத்தகத்தை முழுக்கப் படித்து, அடிக்கோடு போட்டு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அது என்னால் முடிந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் துணி துவைக்கிற தண்ணீர் தேங்கி ஒரு சேறு இருக்கும். அதில் அம்மா குனிந்து நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் ஒரு பிடி ஈர்க்குச்சி. வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றில் நட்டுக்கொண்டே பின்னால் போகிறாள். இரண்டு எட்டு போவாள், நிமிர்வாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மறுபடி குனிவாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. நாற்று நட்டுப் பழகுகிறாள். விளக்குமாற்றைப் பிரித்து!

“என்னம்மா பண்ற? குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலயா?”

“தூக்கக் கூடாதுன்னாரு. குனியக் கூடாதுன்னு சொல்லல.”

“யாருக்காக இதெல்லாம்? நான்தான் வேலைக்குப் போறேன்ல?”

“ஒனக்காகவா போறேன்?” என்றாள் அம்மா.

அதை நான் நம்பவில்லை. எனக்காகத்தான். என்னைப் படிக்கவைத்த உடம்பு அது, இன்னும் எனக்காகத்தான் குனிகிறது என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஈர்க்குச்சிகளை எல்லாம் பொறுக்கி, கழுவி, மறுபடி விளக்குமாறாகக் கட்டி வைத்தேன். அம்மா மறுநாள் மறுபடி பிரித்திருந்தாள்.

ஐப்பசியில் சம்பா நடவு. அம்மா கேட்கமாட்டாள் என்று தெரிந்ததும் நான் காசாம்பு அத்தை வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல்தான் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தை, அம்மாவ நடவுக்குக் கூப்பிடாதீங்க.”

“நான் கூப்புடலன்னா அவ என்ன இழுத்துக்கிட்டுப் போவா பாப்பா. ஒங்க அம்மாவ ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப கொஞ்சம் பாத்துக்குங்க. வேகமா நட வேணாம். பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் உதவி பண்ணா...”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “நடவுல ஒதவியா?” என்று கேட்டார். பிறகு, “சரி, வரப்போரமா வுடறேன். வெசாலத்த பக்கத்துல போடறேன். போ. நல்லா படி” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏதோ ஒரு பொறுப்பைச் செய்து முடித்த மாதிரி.

இனிமேல் சித்தி சொன்னது.

உங்களுக்கு நடவு தெரியாது இல்லையா? எனக்கும் அப்போது தெரியாது. சித்தி சொல்லித்தான். ஆண்கள் நாற்றைப் பறித்து முடிச்சு முடிச்சாகக் கட்டி வயல் முழுக்க வீசிப் போடுவார்கள். பெண்கள் ஒரே வரிசையாக நின்று குனிந்து நட்டுக்கொண்டே பின்பக்கமாகப் போவார்கள். கையெட்டுகிற அகலம் அவரவர் இடம். அந்த இடத்தை அவர்தான் நட வேண்டும். அடுத்தவர் இடத்தில் கை வைப்பது மரியாதை இல்லை. குழந்தை பெற்று வந்தவளுக்கோ காய்ச்சல்காரிக்கோ முதல் நாள் மட்டும் அப்படிக் கை வைத்து உதவுவார்கள், அவ்வளவுதான்.

அம்மா முதல் நாள் அப்பாவுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தாளாம். எல்லோரும்தான் அப்படிப் போடுவார்கள். அம்மா உள்ளே பாவாடைத் துணியில் தானே தைத்த ஒரு பட்டையும் கட்டியிருந்தாள், பை ஆடாமல் இருக்க. வயலில் இறங்குவதற்கு முன்னால் தனியாக ஒதுங்கிப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்குவாள். காலையில் அரை வயிறுதான் சாப்பிடுவாள். காசாம்பு அத்தை சொன்னபடி வரப்போரமாக நிறுத்தினார். சித்தி தன் இடத்தையும் நட்டு, அம்மா இடத்தில் பாதியையும் நட்டார். முதல் நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் இடுப்பை நிமிர்த்திப் பார்த்திருக்கிறாள். தன் இடத்தில் விசாலம் சித்தியின் கை.

“ஏ வெசாலம், கைய எடு.”

“இல்லக்கா, சும்மா ரெண்டு...”

“சும்மாவா? நான் என்ன செத்தா போயிட்டன், எனக்குப் பதிலு நீ நட? இன்னொரு தடவ என் எடத்துல கை வந்திச்சி, வெரல ஒடிச்சி சேத்துல நட்டுருவேன்.”

வயல் முழுக்கக் கேட்டதாம். இது சித்தி கூட்டிச் சொன்னது இல்லை. அம்மா இப்படித்தான் பேசுவாள்.

அன்றைக்குக் கஞ்சி குடிக்கப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தபோது, ஆண்கள் எல்லாம் மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிருந்தார்கள். அம்மா எழுந்து நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றியிருக்கிறாள்.

“எல்லாரும் ஒரு தடவ நல்லா பாத்துக்குங்க. அப்பறம் எவளும் என்ன ஓரக்கண்ணால பாக்கக் கூடாது. மோந்து பாக்கணும்னா பாத்துக்குங்க.”

பட்டையை விலக்கிக் காட்டினாளாம். காசாம்பு அத்தைதான் கிட்டே வந்து, குனிந்து, நல்லாப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“இதுக்கா இந்த அமக்களம்? அடி போடி. நாங்க ஒவ்வொருத்தியும் அவசரம்னா கருவக்காட்டத் தேடி ஓடறோம். பாம்பு இருக்கா, பூச்சி இருக்கா, எவனாவது வரானான்னு நாலு பக்கமும் பாக்க வேண்டியிருக்கு. மவராசி நீ, நின்ன எடத்துல முடிச்சிக்கற. எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு ஒம் மவள!”

“எனக்கு ரெண்டு” என்றாளாம் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தாள் என்று சித்தி சொன்னார். சிரித்துக்கொண்டே அம்மா சொன்னாளாம்: “சிரிங்கடி, நல்லா சிரிங்க. ஆனா இது நம்மளோட இருக்கணும். ஆம்பளைங்க காதுக்குப் போவக் கூடாது. அமிர்தம் பையக் கட்டிக்கிட்டு நடக்கறான்னு எவனும் டீக்கடைல பேசப்புடாது.” காசாம்பு அத்தை அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இந்த ஆண்கள் விஷயத்தைச் சித்தி என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அழுத்தி அழுத்திச் சொன்னார். ஏன் என்று தெரியவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் அப்படி ஒன்றும் மோசமானவர்கள் இல்லை.

மறுநாள் அம்மாவை வரப்போரத்திலிருந்து எடுத்து நடு வரிசையில் நிறுத்தினார்கள். சித்தி கை வைக்கவில்லை. யாரும் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அம்மாவும் விடாமல் நட்டாள். ஆனால் அம்மாவால் பழைய வேகத்தில் முடியாதே. பின்தங்கிவிட்டாள்.

பின்தங்கினால் என்ன செய்வார்கள் தெரியுமா? இதுதான் எனக்குத் தெரியாமல் போனது. இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் நட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார்கள். போய், அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் கையை நீட்டி நாற்றை நட்டு மூடிவிடுவார்கள். சுற்றி நாலு பக்கமும் நட்ட பயிர். நடுவில் கொஞ்சம் வெறும் சேறு. அதில் அவள் மட்டும். இதற்கு எங்கள் தெருவில் கிணறு என்று பெயர். ‘கிணத்துல போட்டுட்டோம்’ என்று எல்லோரும் குலவை போடுவார்கள். உள்ளே மாட்டியவள் அந்த வெறும் சேற்றை நட்டு முடித்துவிட்டு, நட்ட நாற்று ஒன்றைக்கூட மிதிக்காமல் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மானத்தை வாங்கிவிடுவார்கள். எல்லோரும் எப்போதாவது மாட்டியிருக்கிறார்களாம். காசாம்பு அத்தைகூட. அம்மாதான் மற்றவர்களைப் போடுவாளே தவிர, மாட்டியதே இல்லையாம்.

காய்ச்சல்காரியைக் கிணற்றில் போட மாட்டார்கள் என்று சித்தி சொன்னார். முடியாதவளைப் போட மாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

அம்மாவைப் போட்டார்கள்.

இனிமேல் நான் பார்த்தது.

அன்று எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வீட்டைக் கூட்டும்போது பார்த்தேன், பீரோ மேலே மாற்றுப் பை உறையோடு அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அடுத்தது வாங்கத் திங்கட்கிழமைதான் இங்கே வர வேண்டும். அந்த ஒன்றையும் அம்மா எடுத்துக்கொண்டு போகவில்லை. வயலில் கசிந்துவிட்டால் என்ன செய்வாள்? நான் அப்படித்தான், ஒன்று நினைத்துவிட்டால் அது நடந்துவிட்டதாகவே தோன்றும். அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

வாய்க்கால் மதகுகிட்டே போகும்போதே குலவைச் சத்தம் கேட்டது. சிரிப்பு. பார்த்தால், வயல் நடுவில் அம்மா தனியாக நிற்கிறாள். சட்டையெல்லாம் சேறு. சுற்றி நாற்று. தள்ளி நின்றுகொண்டு எல்லோரும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காசாம்பு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துகிறார்: “சொல்லுடி! ஒம் மவளுக்கு மாப்ள பாத்துட்டியா இல்லையா? பேரச் சொன்னாதான் கைய குடுப்பேன்!” இன்னொருத்தி, “பாங்கு மேனேஜர்தான் வேணும்னு சொல்லுவா. நம்மள வாசல்லயே நிறுத்திருவா” என்றாள். மறுபடி குலவை.

அம்மா முகம் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வலி தாங்கும்போதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படித்தான் வைத்துக்கொள்வாள். எனக்கு எப்படித் தெரியும்?

நான் இறங்கிவிட்டேன். செருப்போடு. என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேற்றில் கால் வைத்தேன். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. நட்ட நாற்றின் மேலேயே நடந்தேன். கிணற்றின் ஓரத்துக்குப் போய், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன், அம்மா வெளியே வர வழி வேண்டும் என்று. அழுதேனா என்று ஞாபகம் இல்லை. கத்தியது ஞாபகம் இருக்கிறது.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா? ஆபரேஷன் பண்ணவங்கள நடுவுல நிக்கவச்சு வேடிக்கை பாக்கறீங்க! வயித்துல பை வச்சிருக்காங்க, மலம் அதுல போகுது, அது கசிஞ்சா என்ன பண்ணுவாங்க? அவங்களால முடியாது! விடுங்க அவங்கள!”

குலவை நின்றது. எல்லாமே நின்றது. நாற்று வீசிக்கொண்டிருந்த ஆண்கள் அப்போது பக்கத்து வரப்பில்தான் இருந்தார்கள். முருகையன் மாமா கையில் ஒரு முடிச்சு இருந்தது, வீச எடுத்தது. அதை வீசாமல் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நல்ல மனிதர். சங்கடப்பட்டிருப்பார்.

அம்மா என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள், நான் பிடுங்கிப் போட்ட நாற்றை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“பை கசிஞ்சிடிச்சி. எப்புடிச் சொல்றதுன்னு நின்னுக்கிட்டிருந்தேன். நல்ல வேள, புள்ள வந்துச்சி.”

சொல்லிவிட்டு நான் பிடுங்கிய வழியிலேயே நடந்து வெளியே வந்தாள். சேறு ஒட்டிய கையால் நான் எடுத்து நீட்டிய அந்தப் பையை வாங்கித் தன் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டாள். “வா” என்றாள். வீட்டுக்கு வந்து குழாயடியில் குளித்தாள். “சுத்தம் பண்ண நான் வரவாம்மா?” என்று கேட்டேன். “ஒனக்கு நேரமாவுது, கெளம்பு” என்றாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே சித்தி எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். கிணறு என்றால் என்ன, மரத்தடியில் என்ன நடந்தது, எல்லாம். நான் பதறிப்போய்க் காசாம்பு அத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பயிரை மிதித்ததற்கும், பிடுங்கியதற்கும். “தெரியாம பண்ணிட்டேன் அத்தை. ஆனா அம்மாவுக்கு அன்னிக்கு நெஜமாவே கசிஞ்சிருக்கு. நான் போனதும் நல்லதாப் போச்சு” என்றேன். அத்தை, “நாத்து போனா போவுது பாப்பா. அத அன்னிக்கே நட்டாச்சு. நாத்து இல்ல” என்றார். நாற்று இல்லை என்றால் வேறு என்ன என்று நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். நான் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. நோய்தானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது? கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், சுற்றி இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் அடிக்கோடு போட்ட இடம்.

ஊரில் எல்லோரும் அக்கறையாகத்தான் இருக்கிறார்கள். டீக்கடையைத் தாண்டிப் போகும்போது முருகையன் மாமா கூப்பிட்டு, “அக்காவுக்கு எப்புடி இருக்கு பாப்பா? பையெல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்கிறார். பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள். நான் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். அம்மாதான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புகிறாள். உடம்பு அசதி என்று நினைக்கிறேன்.

நடவுக்கும் அதற்குப் பிறகு போகவில்லை. காசாம்பு அத்தை இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். “வயிறு சரியில்லக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது கோடை நடவு வருகிறது. நேற்றும் அத்தை வந்தார். வாசலில் நின்று, “ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு. எவளையும் நிறுத்தல” என்றார். அம்மா உள்ளேயிருந்து பதிலே சொல்லவில்லை. கொல்லையில் விளக்குமாறு முழுசாகத்தான் இருக்கிறது. இப்போது யாரும் அதைப் பிரிப்பதில்லை.

நான் விரும்பியதும் அதுதானே? அம்மா குனியக்கூடாது, ஓய்வாக இருக்க வேண்டும் என்றுதானே நான் கேட்டேன்? ஆனாலும் அக்கா, எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. வராதபோதெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வேன்: நான் செய்தது தப்பு, ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு நான் தேவைப்பட்டேன். பை கசிந்திருந்தது. சொல்ல முடியாமல் நின்றாள். புள்ள வந்துச்சு. அம்மா வாயாலேயே சொன்னாள். அதை நினைத்தால் கொஞ்சம் கண் மூடும்.

இன்றைக்கு நான் பை வாங்கத்தான் வந்தேன். அதோடு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இருந்தேன், ‘அம்மாவை வயல் வேலைக்குப் போக வேண்டாம் என்று நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்’ என்று. இப்போது சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. காலையில் ஒன்று நடந்துவிட்டது.

போன தடவை அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மாதிரிக்குப் பழைய அளவில் ஒரு பை கொண்டுவரச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. வீட்டில் தேடினால் அந்த அளவில் ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அம்மாவுடைய ஒயர் கூடை தொங்குகிறது, வயலுக்கு எடுத்துப்போகிற கூடை. அன்றைக்கு வந்து மாட்டியது. அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அதில் கையை விட்டேன். தண்ணீர் பாட்டில், காய்ந்துபோன வெற்றிலை. அடியில் இது இருந்தது.

இதோ, பாருங்கள். அன்றைக்கு நான் கொண்டுபோன பைதான். வேறு பை அன்று வீட்டில் கிடையாது. திங்கட்கிழமை வரைக்கும் இது ஒன்றுதான். கசிந்துவிட்டால் அதையே திரும்ப ஒட்ட முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும், உங்களுக்கே தெரியும்.

இந்த ஓரத்தில் இருப்பது சேறு. என் கட்டைவிரல் தடம். காலையில் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது.

உறை பிரிக்கவே இல்லை அக்கா.